மருமகனுக்கு நான் வைத்த வெடி

வயதானவன் தப்பு செய்தால், "பாவம், தெரியாம செஞ்சிட்டாரு" என்று ஊர் மன்னித்துவிடும். நான் தெரிந்தேதான் செய்தேன்.

என் மகள் கயல், சென்னையில் தன்னோடு வேலை பார்க்கும் ஆல்பர்ட்டைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். ஒரு வருடமாக நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. (எம்.ஏ. படித்தவன் மதம் பற்றி வாய்விட்டுப் பேசக்கூடாது, மனசுக்குள் பேசிக்கொள்ளலாம்.) "ஞாயித்துக்கிழமை அவர் வர்றாருப்பா. அன்னைக்கு முடிவா சொல்லிடு" என்று கெடு வைத்தாள்.

பழத்தட்டுக்குப் பதில் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு எங்கள் ஊர் மரக்காணத்தில் வந்து இறங்கினான் ஆல்பர்ட். இரண்டிலும் பலகை விளையாட்டு.

"எல்லாரும் ஒரே கட்சி அங்கிள். ஜெயிச்சாலும் தோத்தாலும் சேர்ந்துதான்."

ஒரு பெட்டியின் மேல் துப்பாக்கியோடு ஒருவன் விமானத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். இன்னொன்றின் மேல் கடலும் இருட்டும் மட்டும். நான் துப்பாக்கிக்காரனைத் தொட்டேன்.

"அது வேணாம். சண்டைன்னா நீ யார் பேச்சையும் கேக்க மாட்ட" என்று கயல் மற்றதைப் பிரித்தாள்.

"ஏம்பா, இதுல யாரை அடிக்கணும்?"

"அடிக்கவே முடியாதுங்க. கடல்லேர்ந்து ஒண்ணு வரும். பார்த்தாலே புத்தி கலங்கிடும். நான் கலங்கரை விளக்கத்துக்குப் போய் அது வர்ற கதவைச் சாத்துறேன். நீங்க சும்மா நின்னா போதும்."

சும்மா நிற்பதா? நான் உப்பளக்காரன். மேகம் கறுத்தால் எங்களுக்கு ஆலோசனைக் கூட்டம் கிடையாது. உப்புக் குவியலைக் கீற்றால் மூட, மழைக்கு எதிரேதான் ஓடுவோம். பலகையில் அந்தக் கடல் ஜந்துவின் கறுப்பு வில்லைகள் கரையேறியதும் கை பரபரத்தது. என்னிடம் ஒரு வெடிச் சீட்டு இருந்தது. வெடிக்கும் இடத்தில் நிற்கிற எல்லோரும் காலி என்று அதிலேயே எழுதியிருந்தது. (இரண்டு முறை படித்தேன்.) ஆல்பர்ட் ஏறியிருந்த கலங்கரை விளக்கத்தின் மேல் போட்டேன்.

ஜந்துவுக்கு ஒரு கீறல் இல்லை. ஆல்பர்ட் தன் பொம்மையை எடுத்துப் பெட்டிக்குள் படுக்கவைத்தான். கதவைச் சாத்த ஆளில்லாமல் இரண்டே சுற்றில் உலகம் அழிந்தது.

"தெரியாம போட்டுட்டீங்களா அங்கிள்?"

கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை.

"இல்லப்பா. படிச்சிட்டுத்தான் போட்டேன்."

ஆல்பர்ட் சிரித்தான். "பரவாயில்ல. ஒரு வருஷமா மனசுல இருந்தது வெளிய வந்துடுச்சு. இன்னொரு ஆட்டம் போடலாமா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. "முதல்ல கல்யாணத்துக்கு நாள் பாருங்க" என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு, லீவுக்கு வரும்போதெல்லாம் அவனும் கயலும் என்னோடு உப்பளத்துக்கு வருகிறார்கள். குறுகலான வரப்பு வந்தால் போதும், எனக்கு முதுகைக் காட்டாமல் அவன் ஒதுங்கி நின்று, "மாமா, நீங்க முன்னாடி போங்க" என்பான். கயல் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பெரியவர்களிடம் எவ்வளவு மரியாதை என்று உப்பு வாருகிறவர்கள் மெச்சுகிறார்கள்.