வெள்ளிக்கிழமை வந்த ஐம்பத்தேழு பேர்

டங்கன் ஹில், ஜமைக்கா
ஞாயிறு மாலை

அன்பும் மரியாதையும் மிகுந்த ஹயசிந்த் அக்காவுக்கு,

நானும் பள்ளியின் தகரக் கூரையும் இதுவரை நிற்கிறோம். பர்மிங்காமில் நீயும் அத்தானும் உன் இடது முழங்காலும் அப்படியே நிற்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதியோர் இல்லத்தில் வேலை இருக்கிறது, வா என்று மூன்று வருடமாகக் கூப்பிடுகிறாய். வருகிறேன். டிக்கெட் எடுத்துவிடு. பதினெட்டு வருடம் பாலர் பள்ளி நடத்தியது போதும். முதியவர்களைத் தலை எண்ணிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

டாஷ்னாவை உனக்கு நினைவிருக்கும், தபால்கார கிளாரன்ஸின் மகள். மூன்று வயதுக் குழந்தைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு அரசு தரும் சிறு சம்பளம் தொடர வேண்டுமானால், ஆய்வு நாளன்று பள்ளியில் முப்பது குழந்தைகளாவது இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு புது விதி வந்தது. சம்பளம் நின்றால் அவள் மொன்டிகோ பே ஹோட்டல் ஒன்றில் துண்டு மடிக்கப் போய்விடுவாள். மூன்று வயது வகுப்பை மூடிவிடுவேன். அந்தக் குழந்தைகள் பழையபடி, அம்மாக்கள் கிழங்கு தோண்டி முடிக்கும்வரை வயலோரத்தில் எறும்பு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மழலைக் கல்விதான் நாட்டின் அஸ்திவாரம் என்று பட்ஜெட் நாளில் வானொலியில் சொன்னார்கள். கஞ்சி கிண்டிக்கொண்டே கேட்டேன். வருடா வருடம் கேட்கிறேன், வருடா வருடம் கஞ்சிதான் கிண்டுகிறேன்.

பதிவேட்டில் முப்பத்துநான்கு பேர். திங்கள் முதல் வியாழன்வரை முப்பதுக்குக் குறையாது. ஆனால் ஆய்வு நாள் வெள்ளிக்கிழமை என்று புதன்கிழமை கடிதம் வருகிறது. வெள்ளிக்கிழமை நம் மலையில் யார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்? அம்மா சந்தைக்குப் போகிறாள், சீருடை துவைத்துக் கொடியில் காய்கிறது, பிள்ளை கொடிக்குக் கீழே சட்டையில்லாமல் ஓடுகிறது. நம்மையே அம்மா வெள்ளிக்கிழமை அனுப்பியதில்லையே. பயத்தில் ஒரே ஒருவரிடம் சொன்னேன். அந்த ஒருவர் டாக்ஸி ஓட்டும் லாசெல்ஸ். அதுதான் என் தவறு.

"கவலைய விடுங்க மிஸ் ஓபல். வெள்ளிக்கிழமை பிள்ளைங்கள நானே கொண்டாந்து இறக்குறேன்."

"நம்ம பிள்ளைங்கள மட்டும், லாசெல்ஸ்."

"பிள்ளைன்னா எல்லாம் பிள்ளைதானே மிஸ்."

அன்று மாலையே ஜெபக் கூட்டத்தில் போதகர் அறிவித்துவிட்டாராம், டாஷ்னாவின் சோற்றைக் காப்பாற்ற எல்லாரும் கைகொடுங்கள் என்று. வெள்ளி காலை எட்டரைக்கு ஒன்பது பேர். பத்து மணிக்குள் லாசெல்ஸ் ஐந்து நடை அடித்துவிட்டார். மேலே நாலு மைல் தள்ளியிருக்கும் ராக் ஸ்பிரிங்கிலிருந்து ஒரு வண்டி. பெரிய பள்ளியின் இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு வண்டிப் பிள்ளைகள், நம் கட்டம்போட்ட சீருடைக்குள் அடைக்கப்பட்டு வந்தார்கள், பொத்தான்கள் தெறிக்கக் காத்திருந்தன. எல்லாரும் கஞ்சி கேட்டார்கள். சோளமாவில் தண்ணீர் விட்டேன், மறுபடியும் விட்டேன், கடைசியில் தண்ணீரில் கொஞ்சம் சோளமாவு விட்டேன்.

அப்போதுதான் ஆய்வாளர் திருமதி த்வெய்ட்ஸ் உள்ளே வந்தார். நல்ல பெண்மணி, நல்ல காலணி. வாசலில் நின்ற தடித்த பையனிடம் குனிந்து கேட்டார்.

"உனக்கு எத்தன வயசு கண்ணு?"

அவன் ஜன்னலில் தெரிந்த லாசெல்ஸைப் பார்த்தான். "இன்னிக்கு மட்டும் அஞ்சு, மிஸ்."

திருமதி த்வெய்ட்ஸ் சிரிக்கவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துச் சுவரோடு சுவராக அளந்தார். "இந்த ரூம் முப்பத்திரெண்டு பேரத்தான் தாங்கும். இங்க அம்பத்தேழு பேர் இருக்காங்களே."

முப்பது வேண்டும், முப்பத்திரண்டைத் தாண்டக்கூடாது. அவ்வளவு சின்னச் சந்துக்குள் நுழைய ஒரு நாட்டின் முழு அஸ்திவாரமும் முட்டி மோதிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் இரவல் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சொந்தப் பிள்ளைகள் எத்தனை என்று எண்ணுவார். பொய் சொன்ன குழந்தையை மூலையில் நிறுத்துகிறவள் நான். கரும்பலகைக்குப் பக்கத்து மூலையில் நானே போய் நின்றேன். அவர் எழுதிவிட்டுப் போனார்: அளவுக்கு மீறிய நெரிசல், சரிசெய்யும்வரை இரண்டாம் ஆசிரியையின் சம்பளம் நிறுத்திவைக்கப்படுகிறது.

லாசெல்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "மன்னிக்கணும் மிஸ். அறுபது பேர்னு கணக்குப் போட்டிருந்தேன். வளைவுல மூணு பேருக்கு வாந்தி வந்து வீட்டுல விட்டுட்டேன்."

டாஷ்னா தரையில் சிந்திய கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணாம் தேதி ஹோட்டலுக்கு வரச் சொல்லியிருக்காங்க மிஸ்," என்றாள், துணியைப் பார்த்து.  போகாதே என்று எதை வைத்துச் சொல்வது?

ஆகவே நாளை ஐம்பத்தேழு என்ற எண்ணிக்கை பொய் என்று அலுவலகத்துக்கு எழுதப்போகிறேன். காகிதம் மிச்சமாகட்டும் என்று ராஜினாமாவையும் அதே தாளில் எழுதுகிறேன். களைப்பு, அக்கா. கோபம்கூட வரவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உன் படிக்கட்டில் பனி உறையாமலும், உன் வீட்டில் அடுப்பு அணையாமலும் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
ஓபல்

பின்குறிப்பு, திங்கள்: டிக்கெட் எடுக்காதே. எடுத்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடு. காலையில் வாசலில் ராக் ஸ்பிரிங் பெண்கள், பதினோரு குழந்தைகளோடு. அந்த மேட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளியே கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்றேன். "பிள்ளைங்கள அனுப்புங்கன்னீங்க, அனுப்பினோம். ஒரு நாளைக்குத்தான்னு எங்ககிட்ட யாரும் சொல்லலியே மிஸ்," என்று சொல்லிவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டார்கள். அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு மூன்று வயது. "ஹோட்டல்காரங்ககிட்ட இன்னும் ரெண்டு வாரம் கேட்டிருக்கேன்," என்று டாஷ்னா அவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்று வந்த நம்முடைய முப்பதோடு சேர்த்து நாற்பத்தொன்று. இன்னொரு அறை வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஐம்பத்தேழு பொய் என்றும் அதே தாளில் எழுதிவிட்டேன், ராஜினாமாவுக்கு இடம் மிஞ்சவில்லை. ஆனாலும் அக்கா, அந்தப் பொய்க்கு இப்போது பதினாறு பேர்தான் குறைகிறார்கள்.