ஆட்டைக் காட்டிய அதிதியும் அமெரிக்க போலீஸும்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி கோவிந்துக்கு, அக்கா லோகாம்பாள் ஆசியுடன் எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

உன் பெண் அதிதி ஆறு வயதில், "அத்தே, போலீஸ்காரா நல்லவான்னு யார் சர்டிபிகேட் கொடுப்பா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இப்போதுதான் விடை தெரிந்தது: நானாம்.

அமெரிக்காவில் அவள் இருக்கும் ஊரில் போலீஸாக அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அதை வாங்கிவிட்டாள். அடுத்தது நடத்தை விசாரணை. அதில் தேறினால்தான் பயிற்சியும் சான்றிதழும். அதற்காக வியாழக்கிழமை ஓர் அதிகாரி எனக்குப் போன் செய்தார். நான் பேசுவதை ஒருவர் குறித்துக்கொண்டு கேட்டு எத்தனையோ காலமாயிற்று, கோவிந்து. எதையும் உதாரணத்தோடு சொல்லச் சொன்னார். எனக்கா தெரியாது. சட்டத்தை மீறியிருக்கிறாளா என்றார். ஒன்பது வயதில் வைப்பின் தீவுக்குப் போகும் போட்டில் டிக்கெட்டை ஓர் ஆட்டுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, டிக்கெட் கேட்டவரிடம் ஆட்டைக் காட்டினாள் என்றேன். கோபம் வருமா என்றார். செஸ்ஸில் தோற்றதும் அடுத்த வீட்டு அனிலைக் கடித்ததைச் சொன்னேன். துப்பாக்கியை நம்பிக் கொடுக்கலாமா என்றார். என் குக்கரையே கொடுக்கமாட்டேன், போன தடவை அடுப்பில் வைத்துவிட்டு போர்ட் கொச்சிக்குக் கிளம்பிவிட்டாள் என்றேன். வேறு யாரிடம் விசாரிக்கலாம் என்றார். "உங்களுக்கு என்ன அவசரம்?" என்றேன்.

கீழே சாயாக்கடை சேவியரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன டீச்சரே, நல்ல பொண்ணுன்னு ஒத்த வார்த்தை போதுமே. பிள்ளை வேலையைக் கெடுத்துட்டு வந்து சாயா கேக்குறீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. வேலை போனால் இங்கே வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. அதுதான் வெட்கமாக இருக்கிறது. அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீயே அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, அக்காவுக்கு வயசாயிடுத்து, பேச ஆள் கிடைத்தால் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள் என்று சொல்லிவிடு. உன் மனைவி கமலாக்ஷியை விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நன்றாக இருங்கள்.

லோகாம்பாள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அதிதியே கூப்பிட்டாள். தேறிவிட்டாளாம். "ஆட்டைப் பத்தி நானே முன்னாடியே சொல்லியிருந்தேன் அத்தே. மத்தவா எல்லாரும் என்னைத் தங்கம்னா. அதை அவர் நம்பலை. நீ சொன்னதுதான் நான் சொன்னதோட ஒத்துப்போச்சு." ஆகையால் அதிகாரியைக் கூப்பிட வேண்டாம். இனி மட்டாஞ்சேரிக்கு வர அவளுக்கு விசா வேண்டுமாம். உனக்கு வேண்டாம். இது கிடைத்த அன்று சாயங்காலம், விசேஷம் ஒன்றும் இல்லாமல், என்னை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்.