வேலுமணி போட்ட ஓட்டைகள்

ஏர்கன் பயிற்சிக் கூடத்தில், பத்துக் குண்டு சுட்ட குறி அட்டையில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. வேலுமணி அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்திலும் அதேதான்.

சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் அவன். பத்து போல்ட் என்றால் பத்து ஓட்டை. பக்கத்து அட்டையில், கூடவே பயிற்சிக்கு வரும் ரம்ஜான் பீவிக்குப் பத்தும் தனித்தனியாக விழுந்திருந்தன. அவன் மனைவி புவனாவுக்கு விழுந்த ஒன்றும் புளியங்கொட்டை அகலத்துக்குப் பிய்ந்து கிடந்தது. மற்ற ஒன்பதும் எங்கே போய்த் தொலைந்தனவோ!

காரில் வரும்போதே புவனா சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்கு டீமுல எடுக்கலீன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேனுங்க. பல்லியப் பாத்தாலே கத்தறவ துப்பாக்கி புடிக்கறாளான்னு உங்க தம்பி சிரிச்சது இன்னும் காதுலயே இருக்குது."

முதல் வாரம் அவள் ஏர்கன்னைத் தொடவே மறுத்தாள். பயிற்சியாளர் ஆஃப்ரின் காலித் துப்பாக்கியை அவள் மடியில் வைத்து, பயம் போகிறவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். அப்புறமும் அட்டை வைக்காமல் வெறும் தடுப்பை நோக்கித்தான் சுட வைத்தாள். "மார்க்கை அப்பறம் பாக்கலாமுங்கக்கா, மொதல்ல மூச்சப் பாருங்க" என்பாள். அட்டை வைத்துச் சுடுவது இன்றுதான் முதல் தடவை. சூலூர் போட்டிக்குப் போகும் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம் காலி. அதற்குத்தான் இன்று புவனாவுக்கும் ரம்ஜான் பீவிக்கும் போட்டி.

அட்டை மாற்றும் வேலையை வலியக் கேட்டு வாங்கியவன் வேலுமணி. சட்டைப்பையில் பேனா இருந்தது. யாரும் பார்க்கவில்லை. சந்தேகம் வராதபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒன்பது ஓட்டை குத்தினான்.

ஆஃப்ரின் அட்டையை வாங்கிப் புருவத்தைச் சுருக்கினாள்.

"என்னங்கண்ணா, இப்படிச் செதறியிருக்குது? ஓட்டையெல்லாம் கிழிசலா வேற இருக்குது. குண்டு சரியில்லையாட்ட இருக்குது."

குண்டு டப்பாவை மாற்றினாள். அதோடு விட்டாளா? குறியைச் சரிசெய்யும் திருகையும் பிடித்து நன்றாகத் திருப்பிவிட்டாள்.

இரண்டாவது அட்டையிலும் ஒரே ஓட்டைதான். அதுவும் கறுப்பு வட்டத்துக்கு வெளியே, ஓரமாக.

'இருந்ததும் போச்சே!'

இந்த முறை ஒன்பதையும் நட்டநடுவில் குத்தினான்.

"நடுவுல ஒம்போதுங்களா?" புவனாவின் முகம் மலர்ந்தது. "ஏனுங்க, நெசமாவா? உங்க தம்பிக்கு வீடியோ கால் போடுங்க! அடுத்த அட்டைய அவரும் பாக்கட்டும்."

வேறு வழியில்லாமல் வேலுமணி போனை எடுத்துத் தம்பியை அழைத்தான்.

ஆஃப்ரின் மட்டும் சிரிக்கவில்லை. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

"ஒண்ணும் புரியலைங்க. கடைசி அட்டைய வச்சுத்தான் முடிவு. அத நானே எடுத்துக்கறேன்."

போனில் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். புவனா நாற்காலியில் உட்கார்ந்து, மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை அடக்கினாள். அவள் கை ஆடவே இல்லை. ஒரு மாசத்துக்கு முன்னால் நடுங்கிய அதே கைதானா என்று வேலுமணிக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்தும் சுட்டு, துப்பாக்கியைக் கீழே வைத்து எழுந்தாள்.

ஆஃப்ரின் அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நடுவில் ஒரே ஓட்டை.

வேலுமணி போனைச் சட்டைப்பையில் திணித்தான்.

"மேடம், அவ மேல தப்பில்லீங்க! மொத ரெண்டு அட்டையிலயும் ஒண்ணொண்ணுதானுங்க இருந்துச்சு. மிச்சத்த நாந்தான் பேனாவுல குத்திப்போட்டேனுங்க. டீமுல எடுக்காட்டியும் போகுதுங்க. தொடவே பயந்தவ இன்னைக்கு ராசாத்தியாட்டம் உக்காந்து சுடறா. ஒண்ணே ஒண்ணு பட்டாலும் எனக்கு அதே பெருமைங்க. அவள வரவேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க!"

புவனா அவனையே பார்த்தாள். திட்டுவதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஃப்ரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள்கள் குலுங்கின.

ரம்ஜான் பீவி தன் அட்டையை மடித்துப் பைக்குள் போட்டாள். புவனாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வேலுமணி பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அக்கா சுட்ட பத்தும் ஒவ்வொரு அட்டையிலயும் அந்த ஒரே ஓட்டை வழியாத்தானுங்க போயிருக்குது, மொத அட்டையில செதறிக் கெடந்ததெல்லாம் நீங்க சுட்டதுங்க!"