எலூசிடேட் பண்ணிய கீரி

ஒரு காட்டில், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல யாருக்குமே தைரியமில்லாத ஒரு காட்டில், கோமளா என்றொரு கீரி இருந்தாள். யானைகள் குளிக்கப் போகிற போக்கில் ஓடைக்கரையை மிதித்து உடைத்துவிட்டன. தண்ணீர் நேரே அவள் வளையை நோக்கி வந்தது. உள்ளே கண் திறக்காத குட்டிகள். பாவம், பதறியடித்துக்கொண்டு நீர்வழி அலுவலகத்துக்கு ஓடினாள்.

கவுண்டரில் குள்ளநரி மாசிலாமணி சார் உட்கார்ந்திருந்தார். அவள் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டார்.

"எலூசிடேட் பண்ணிட்டு வாம்மா. அடுத்தது யாரு?"

கோமளா திருதிருவென்று விழித்தாள். வரிசையில் நின்ற முயலிடம் அர்த்தம் கேட்டாள்.

"இதுகூடத் தெரியாதாக்கா?" என்றது முயல். அதற்கும் தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நாரைக்கு மட்டும் நிஜமாகவே தெரிந்திருந்தது. அதுதான் வம்பு. ஒற்றைக் காலில் நின்று சாவகாசமாக ஆரம்பித்தது.

"அது லத்தீன்மா. லூக்ஸ்னா வெளிச்சம். லூசிடுஸ்னா வெளிச்சமானது. முன்னால ஒரு 'எ' சேர்த்தா, இருட்டுல கிடக்கறதை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவர்றது. அதாவது..."

"சீக்கிரம் சொல்லுங்க, தண்ணி ஏறுது!"

"விளக்கிச் சொல்றது."

"அதைத்தானேங்க நான் அழுதுகிட்டே செஞ்சேன்!"

ஓடிப்போய்ப் பார்த்தால் வளை பாதி மூழ்கியிருந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே போட்டாள். உயிர் தப்பியது, வீடு போயிற்று. ஈரக் குட்டிகளோடு நேரே கவுண்டருக்கு வந்தாள்.

"இருட்டுல கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துட்டேன் சார். எலூசிடேட்னா அதுதான். பாத்துக்குங்க!"

மாசிலாமணி சார் வாயைப் பிளந்தார்.

"அட, அதுக்கு அர்த்தம் வேற இருக்கா? எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிக் குடுத்தாரும்மா. இதைச் சொன்னா ஒருத்தரும் திரும்பி வர்றதில்லை. நீதான் முதல் ஆள்." கொஞ்சம் யோசித்தார். "இவ்வளவு தெரிஞ்ச ஆளு வெளியே இருக்கக் கூடாது. இங்கேயே வேலைக்குச் சேந்துக்க. மேட்டுல வீடு தர்றோம்."

கோமளா நடுங்கும் குட்டிகளைப் பார்த்தாள். சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் முயல் மூச்சிரைக்கக் கவுண்டருக்கு வந்து நின்றது. "அக்கா, தண்ணி எங்க வளைப் பக்கம் திரும்பிடுச்சுக்கா. குட்டிங்க உள்ள இருக்குதுங்க."

உடைந்த கரை எதுவென்று கோமளாவுக்குத் தெரியும். அதை அடைக்க யானைகளிடம் போய்ப் பேச வேண்டும். மேட்டு வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எலூசிடேட் பண்ணிட்டு வா."

முயல் எல்லாம் புரிந்தாற்போல் தலையாட்டிவிட்டுப் போயிற்று.

நீதி: விளங்காத சொல்லுக்குப் பொருள் தேடிக் கண்டுபிடித்தவருக்கு மேட்டில் வீடு கிடைக்கும், பள்ளத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் கிடைக்கும்.