பச்சைக் குடத்தின் முன்பாதி

ஆமை ஓடு மாதிரி ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு உன் பையன் காலையில் தெருவில் நடந்தானே செல்வி, அதற்கு எதற்கு இப்படித் தலையில் அடித்துக்கொள்கிறாய்? நல்ல பிள்ளைதான் அவன். காட்டிலும் மேட்டிலும் வண்டி ஓட்டப் போகிறவன், விழுந்தால் அடிபடக் கூடாது என்று கூரியரில் கவசம் வரவழைத்திருக்கிறான். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, முட்டிக்கு ஒரு ஜோடி. நான்கூடத் தொட்டுப் பார்த்தேன். வெளியே கெட்டி, உள்ளே மெத்து. தொட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் எங்கள் டாங்கி அந்தக் காலத்திலேயே செய்து பார்த்துவிட்டான். அதுவும் என் தண்ணீர்க் குடத்தில்!

டாங்கியை உனக்குத் தெரியாது. நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது அடுத்த வீடு. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவனைப் போல உடம்புக்குப் பயந்த வீரன் ஒருத்தன் அகப்பட மாட்டான். தென்னை மரத்தடியில் நின்று பேசினால்கூட ஹெல்மெட் போட்டுக்கொள்வான். மாதா கோயிலில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார மாட்டான். ஓரமாக நின்று, பூசை முடியும்வரை அந்த ஃபேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். சாமியார் அதைப் பெரிய பக்தி என்று நினைத்து எல்லோரிடமும் சொல்லிப் புகழ்ந்தார். அவன் பெண்சாதி ஸ்டெல்லா முள் எடுத்துத் தட்டில் வைத்தால்தான் மீன் வாயில் இறங்கும்.

அப்படிப்பட்டவன் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டால் ஆளே மாறிவிடுவான். அவன் வேலை பார்த்த ஃபேக்டரியில் ராணுவ டாங்கி செய்தார்கள். அது வெளியே வந்தால் தெருவே அதிரும் அல்லவா? இவன் வண்டி வந்தாலும் அதே அதிர்வுதான். அலமாரியில் டம்ளர் ஆடும். அதனால்தான் அந்தப் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவன் அம்மாவே மறந்துபோனாள்.

ரோட்டில் மட்டும் போகவே மாட்டான். ஃபேக்டரி விட்டால் ஏரிக்கரை, பள்ளம், குப்பைமேடு, முள்ளுக்காடு எல்லாம் ஏறி இறங்கி, சேறும் சகதியுமாக வந்து நிற்பான்.

"ஏன்டா, நல்ல ரோடு இருக்கசொல்லோ ஏன்டா இப்டி?" என்று கேட்டேன்.

"ரோட்ல யார் வோணா போலாம்க்கா. அதுக்கு எதுக்கு வண்டி? பஸ்ஸே போதும்" என்றான்.

அந்த வருஷம் வெயிலில் பருத்திப்பட்டு ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இளவட்டங்கள் சேர்ந்து உள்ளேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, அங்கங்கே மண்ணைக் குவித்து மேடு கட்டி, வண்டிப் பந்தயம் வைத்தார்கள். முதல் பரிசு பிரஷர் குக்கர். குக்கரை யார் கேட்டார்கள்? மேட்டில் ஏறிப் பறக்கலாம் என்றதுமே டாங்கிக்குத் தூக்கம் போய்விட்டது. ஸ்டெல்லாவிடம் போய்க் கேட்டான். நடுவில் ஒரு கீற்று மறைப்புதானே, எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"இன்னாய்யா வெளாட்றியா? எங்கண்ணன் வண்டிலேர்ந்து வுழுந்து இன்னிக்கும் நொண்டிகினு போவுது. அதப் பாத்துக்கினே வளந்தவ நான்."

"நான் வுழ மாட்டேன் ஸ்டெல்லா."

"வுழுறவன் எவன் சொல்ட்டு வுழுறான்? போ, ஓட்டு. ஆனா ஒரே ஒரு சிராய்ப்பு மேல பட்ச்சுன்னு வெய்யி, மறுநாளே வண்டி காயலாங்கடைக்குப் பூடும். மாதா மேல சத்தியம்."

"பட்டுச்சா படலியான்னு உனக்கு எப்டித் தெரியும்?"

ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "அறுத்து உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரிக்கும் தேப்பேன். எங்க கத்துறியோ அங்க சிராய்ப்பு."

எப்படிப்பட்ட மூளை பார்! போலீசுக்குக்கூட வராது.

அந்த வண்டி போனால் அவனுக்கு உயிர் போன மாதிரி. துண்டு துண்டாகப் பொறுக்கி அவன் கையாலேயே பூட்டிய வண்டி அது. ஆகவே மறுநாளிலிருந்து அவனுக்கு வேறு வேலையே இல்லை, கவசம் தேடுவதுதான். கடைகடையாக ஏறி இறங்கினான். கிரிக்கெட் ஆடுகிறவன் காலில் கட்டுவதை எடுத்துக் காட்டினார்களாம். அதைக் கட்டிக்கொண்டு மடக்கிப் பார்த்தால் முட்டி மடங்கவில்லை. அந்த நேரத்தில்தான் டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் ஒரு படம் கிடைத்தது. வெள்ளைக்காரன் ஒருத்தன் வண்டியோடு ஆகாசத்தில் நிற்கிறான். மார்பில் கவசம், முட்டியில் கவசம், முழங்கையில் கவசம். கீழே ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எந்த எழுத்தும் எறும்பு ஊர்கிற மாதிரிதான். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்து அப்படி. எண்ணெய்க் கறை படிந்த அந்தப் படத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தான்.

ஃபேக்டரிக்காரன் புத்தி எங்கே போகும்? கவசம் என்றால் இரும்பு, இரும்பு என்றால் கனம். முதலில் எண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்தி உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டான். சோதனை பண்ண வேண்டுமே! எதிர்வீட்டு நாயுடம்மாவைக் கூப்பிட்டு உலக்கையால் இடிக்கச் சொன்னான். நாயுடம்மாவுக்கு மருமகள் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்குத்தான் வழி கண்டது.

"நைனா, நல்லா நில்லு" என்று சொல்லிவிட்டு விட்டாள் ஒன்று.

கோயில் மணி மாதிரி சத்தம். டின் கிழியவில்லை. ஆனால் உள்பக்கமாக மடங்கி அவன் நெஞ்சைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கழற்றவும் முடியவில்லை, மூச்சுவிடவும் முடியவில்லை.

"இன்னா நைனா, இன்னொண்ணு வெக்கட்டா?"

"வேணாம்மா! கத்திரி எடுத்தா, கத்திரி!"

தகரக் கத்திரியால் வெட்டி வெளியே எடுத்தோம். கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, அடி அப்படியே உள்ளே இறங்குகிறது என்று புரிந்துகொண்டான். உடனே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தாவினான். பஞ்சு மெத்தையைக் கிழித்து, உடம்பெல்லாம் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான். நாயுடம்மா உலக்கையால் இடித்தால் சிரிக்கிறான். "இதான்க்கா, இதான்!" என்று குதித்தான். ஆனால் வண்டியில் உட்கார்ந்தால் கை ஹேண்டில்பாருக்கு எட்டவில்லை. அதையாவது பார்த்து நிறுத்தினானா? விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமாம். ஏரிக்கரை மேலிருந்து உருண்டான். வற்றின ஏரியில் எருமைகள் படுக்க ஒரே ஒரு குட்டை மிச்சம் இருந்தது. மகாராசன் உருண்டுபோய்ச் சரியாக அதில் விழுந்தான். பஞ்சு அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. எருமைகள் எழுந்து இவனுக்கு இடம் விட்டு நின்றன. மாட்டுக்காரன் கயிறு கட்டித்தான் இழுத்துப் போட்டான்.

இரண்டு நாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் யோசித்தான். மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, அடியில் விரிசல் விட்ட என் பச்சை பிளாஸ்டிக் குடத்தையே பார்த்தான்.

"யக்கா, அந்தக் கொடத்தோட வயித்தப் பாரேன்."

"கொடத்துக்கு வயிறு இல்லாம இன்னா இருக்கும்?"

"அதில்லக்கா, என் நெஞ்சுக்கு அளவெடுத்த மாரி கீது."

எடுத்து மேலிருந்து கீழாக ரம்பத்தால் அறுத்தான். பாதியை மார்பில் வைத்தால் அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்தது. உள்ளே தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டி, அதற்கு மேல் கோணி வைத்துத் தைத்தான். முட்டிக்கும் முழங்கைக்கும் கொட்டாங்குச்சி, அதற்குள்ளும் செருப்பு, கட்ட சைக்கிள் டியூப். மடங்குகிற இடத்தில் ஒன்றுமே வைக்கவில்லை. வெளியே கெட்டி, உள்ளே மெத்து, நடுவில் மூச்சுவிட இடம். உன் பையன் வாங்கியிருக்கிறதும் அதேதானே? நாயுடம்மா இடித்துப் பார்த்துவிட்டு, "அடி எங்கப்பா போவுது? ஒண்ணுமே தெரிலியே" என்று ஏமாந்து போனாள்.

குடத்தின் இன்னொரு பாதியை என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"முதுகுக்கு வேணாமா நைனா?" என்று நாயுடம்மா கேட்டாள்.

டாங்கி படத்தைக் கொண்டுவந்து காட்டினான். "இதுல முதுவுக்கு இன்னா போட்டுகீறான், காட்டு பாக்கலாம்?"

அந்த வெள்ளைக்காரன் எங்களைப் பார்த்து வருகிறான். அவன் முதுகை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

"அதுவும் இல்லாம, வண்டி முன்னாடிதானே போவுது? வுழுந்தா முன்னாடிதான் வுழுவேன். எவனாச்சும் பின்னாடி வுழுவானா?"

சொன்னது நியாயமாகத்தான் பட்டது எங்களுக்கு. அந்தப் பாதியில் நான் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன்.

பந்தயத்தன்று ஊரே கரையில் நின்றது. ஸ்டெல்லா மட்டும் வரமாட்டேன் என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். டாங்கி பச்சை நெஞ்சோடு வந்தபோது விசில் பறந்தது. "மாமே, குழாய்ல தண்ணி வருதா?" என்று ஒருத்தன். "அண்ணாத்தே, சட்னிக்குத் தேங்கா கீதா?" என்று இன்னொருத்தன். இவன் எதையும் காதில் வாங்கவில்லை. கொடி அசைந்ததும் சீறினான் பார்! மேடு மேடாகத் தாவினான். கடைசி மேட்டில் வண்டி ஆகாசத்துக்கு ஏறியது. ஏறினது வண்டி மட்டும்தான். இவன் பின்பக்கமாகக் கழன்று, உட்கார்ந்தவாக்கிலேயே வந்து இறங்கி, மல்லாந்து, காய்ந்த சேற்றின் மேலும் நத்தை ஓட்டின் மேலும் சர்ர்ரென்று தேய்த்துக்கொண்டே போனான். குடத்தில் ஒரு கீறல் இல்லை. கொட்டாங்குச்சி பளபளவென்று இருந்தது.

எழுந்தான். வண்டியை நிமிர்த்தினான். ஏறினான். உட்கார முடியவில்லை. மிச்ச தூரம் முழுக்க நின்றுகொண்டே ஓட்டி முடித்தான். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். கூட்டம் அதைப் புது ஸ்டைல் என்று நினைத்துக் கை தட்டியது. அடுத்த வருஷம் எல்லாப் பையன்களும் நின்றுகொண்டுதான் ஓட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தவன் சுவரில் முதுகைச் சாய்த்துப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டான். ஸ்டெல்லா எலுமிச்சம்பழத்தை அறுத்தாள். மார்பு, கை, முட்டி எல்லாம் தேய்த்தாள். ஒரு முனகல் இல்லை.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல" என்றான்.

"திரும்பு."

"பின்னாடி இன்னாத்துக்கு?"

"திரும்புய்யா."

பிறகு கீற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரலில் கேட்டது அலறல் இல்லை, மாதா பாட்டு! நான் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதே இல்லை. அடித்தொண்டையில் ஆரம்பித்து, போகப் போக உச்சிக்கு ஏறி, கடைசியில் ரயில் விசில் மாதிரி ஆகிவிட்டது. வரிசை வீடு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. நாயுடம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வண்டி போயிற்று என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாட்டு நின்றது. ஸ்டெல்லா குரல் கேட்டது. "ஒரு சிராய்ப்பும் இல்ல. போய்க் குப்புறப் படு."

மறுநாள் காலை நான் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"யக்கா, அந்தக் கொடத்தோட இன்னொரு பாதி கீதா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "ஒரு சிராய்ப்பும் இல்லன்னியேடி?"

"முதுவுல தோலே இல்லக்கா" என்றாள். "நான் ஊட்ல கீறேன்னு நெனச்சிகினு போச்சு. நான் முக்காடு போட்டுகினு கரை மேலதான் நின்னேன். அந்த மேட்டுலேர்ந்து மேல போசொல்லோ சிரிச்சுதுக்கா. கொயந்த மாரி. ஊட்ல அப்டி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அந்த வண்டியப் போய் எப்டிக்கா காயலாங்கடைல போடறது?"

"மாதா மேல சத்தியம் பண்ணியேடி?"

"மாதாகிட்ட நான் பேசிக்கறேன். அவங்களும் குடும்பம் நடத்துனவங்கதான்."

கோழிகளை விரட்டிவிட்டு, அந்தப் பாதியை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன். அவள் கையாலேயே செருப்பு வெட்டி, கோணி வைத்து, தன் கல்யாணப் பாவாடை நாடாவை உருவித் தைத்தாள். அடுத்த கோடையில் முன்னும் பின்னும் பச்சையாக அவன் கிளம்பியபோது, நிஜ டாங்கியே தோற்றது போ. குக்கரா? அது ஒரு வருஷமும் கிடைக்கவில்லை. ஸ்டெல்லா சீட்டுக் கட்டி வாங்கினாள்.

இப்போது திருமுல்லைவாயிலில் இருக்கிறார்கள் இரண்டு பேரும். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, தென்னை மரத்தடியில் ஹெல்மெட் மட்டும் மாறவில்லை. எங்கள் வீட்டில் குடம் விரிசல் விட்டால் இன்றுவரை நான் தூக்கிப் போடுவதில்லை. என் மருமகள் திட்டுவாள். திட்டட்டுமே.

அடடா, தண்ணி லாரி ஆரன் அடிக்கிறான் பார்! எழுந்திரு செல்வி, அந்த நீலக் குடத்தை எடு. மூலையில் இருக்கிற விரிசல் குடத்தைத் தொடாதே, அது டாங்கிக்கு.