போத்தல் சிவந்த கதை

இப்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்பதில்லை. போத்தலில் பிடித்துக்கொண்டு போய்க் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். சொந்தப் பேத்தியே அதைச் செய்தால் கந்தப்பன் யாரிடம் போய்ச் சொல்வார்?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் அந்தப் பேத்தி சிவசக்தியும் கூட்டாளிகளும் ஆய்வுகூடத்தில் ஒரு கிருமியின் மரபணுவை மாற்றி வைத்திருந்தார்கள். கெட்ட தண்ணீர் பட்டால் அது சிவக்குமாம். மாணவர் போட்டி நடுவர்கள் கொழும்பிலிருந்து நமுனுகுலத் தோட்டத்துக்கே வருவதாக ஏற்பாடு. லயத்துத் தண்ணீரில் கிருமி சிவந்தால் புதுத் தண்ணீர்த் தாங்கி போட்டுத் தருவதாகத் தோட்டத்தை நடத்தும் தொரை வாக்குக் கொடுத்திருந்தார். போன மாதம் மட்டும் லயத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம்.

"வெளியாள் முன்னால நம்ம தண்ணிய நாறடிக்கணுமா?" என்றார் கந்தப்பன்.

"நாறுறத நாறுதுன்னுதானே தாத்தா சொல்லணும்?"

கந்தப்பனுக்கு மனசு கேட்கவில்லை. நடுவர்கள் வரும் நாள் காலையில் அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, அவள் லயத்துக் குழாயில் பிடித்து வைத்திருந்த போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றினார். போத்தல் சூட்டில் சுருங்கி, பல் போன வாய் மாதிரி ஆகிவிட்டது; தண்ணீரும் வழிந்து போனது. அதே மாதிரி இன்னொன்றைத் தேடியெடுத்து, பேர் எழுதிய தாளைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, நேரே பங்களாவுக்கு ஏறினார். விருந்தாளி வந்தால் பங்களாக் குழாயில் பிடித்துக் கொடுப்பது லயத்து வழக்கம்தான். பங்களாச் சமையல்காரி விஜயலெட்சுமி குழாயைத் திறந்துவிட்டாள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டமே கூடியிருந்தது. நடுவர்கள் தண்ணீரைக் கிருமியிருந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி மூடிவிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். குழாய் வெற்றிலை எச்சில் மாதிரி சிவந்தது. சிவசக்தி சந்தோஷத்தில் அழுதாள். புதுத் தாங்கிக்குக் கையெழுத்துப் போடத் தொரை பேனாவைத் திறந்தார்.

கந்தப்பன் எழுந்து நின்றார்.

"இந்தக் கிருமி பொய் சொல்லுதுங்க. அது லயத்துத் தண்ணியே இல்ல. உங்க பங்களாத் தண்ணிங்க, தொரை."

தொரை பேனாவை மூடினார். தண்ணீர் மாறிவிட்டதென்று நடுவர்கள் சிவசக்தி குழுவின் பெயரை அடித்தார்கள். அன்றிலிருந்து அவள் தாத்தாவோடு பேசுவதில்லை.

அடுத்த வாரமே லொறியில் புதுத் தாங்கி வந்தது. லயத்தில் நிற்காமல் நேரே பங்களாவுக்கு ஏறியது. கந்தப்பனும் பின்னாலேயே மூச்சு வாங்க ஏறினார். பழைய தாங்கியைக் கழற்றி முற்றத்தில் உருட்டி வைத்திருந்தார்கள்.

"மூஞ்சத் தொங்கப் போடாதீங்க மாமா," என்றாள் விஜயலெட்சுமி. "இந்தப் பழைய டேங்கிய உங்க லயத்துக்குத்தான் குடுக்கச் சொல்லியிருக்காரு தொரை."

கந்தப்பன் அதை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"தொரை குடிச்சதாச்சே. கிருமிக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.