சோதினை டாக்டரும் சீனக் கோயில் சரஸ்வதி பூஜையும்

தெய்வங்களிடம் சிபாரிசுக்கு அலைவதில் சோதினை டாக்டரை அடித்துக்கொள்ள ஆஸ்திரேலியக் கண்டத்திலேயே ஆள் கிடையாது. எழுபதுகளின் கடைசி. சிட்னியில் எங்கள் பக்கம் கும்பிட ஒரு கோயில் இல்லாத காலம். அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. ரயில் ஜன்னலில் கூர்மையாக எது தெரிந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒரு முறை அது தீயணைப்பு நிலையமாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவர் டாக்டர். இங்கே ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளினார். இந்த ஊர்ப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தால்தான் வைத்தியம் பார்க்கலாம். பரீட்சையை அவர் 'சோதினை' என்பார். டூங்கபி என்ற புறநகரில் ஒரே வீட்டில் அவரோடு குடியிருந்த நாங்கள் அதையே அவருக்குப் பெயராக்கிவிட்டோம். எழுத்துத் தேர்வு அவருக்கு அல்வா. இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டிய வாய்மொழித் தேர்வில்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு.

"ஊரில் விட்டுவந்த மனுசியைக் கூப்பிட வேண்டியதுதானே டாக்டர்?" என்று கேட்டால் சீறுவார்.

"டொக்டர் மாப்பிள்ளை எண்டு பொம்பிளை தந்தவை. வண்டில் தள்ளுறவனிட்டையோ கூப்பிடுறது?"

மூன்றாவது தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு சரஸ்வதி பூஜை வந்தது. நகருக்குள் ஒரு பழைய சீனக் கோயிலில் கன்பூசியஸுக்குச் சந்நிதி இருப்பதாகவும், அன்றுதான் அவருக்குப் பிறந்தநாள் சடங்கு என்றும் டாக்டர் துப்பறிந்து வைத்திருந்தார். "படிப்புக்கெண்டே இருக்கிற ஆள், தம்பி!" என்று செங்கல் கனத்தில் நாலு புத்தகங்களை என் தலையில் கட்டி இழுத்துப் போனார்.

ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. நீள அங்கி அணிந்த பெரியவர்கள், முரசு ஒலிக்க ஒலிக்க மூன்று முறை குனிந்து வணங்கினார்கள். டாக்டர் மூன்று தோப்புக்கரணம் போட்டார். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அடுத்த முரசை அடிக்காமல், அவர் எழுந்திருக்கும்வரை அத்தனை பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

சடங்கு முடிந்ததும் புத்தகங்களைப் பீடத்தில் அடுக்கிப் பூ வைத்தார்.

"நாளை மறுநாள் எக்ஸாம் டாக்டர்! படிக்க வேண்டாமா?"

"பூசையில வைச்ச புத்தகத்தை இண்டைக்குத் தொடக்கூடாது."

கோயில் பொறுப்பாளர் மூன்று தலைமுறையாகச் சிட்னிவாசி. ஓடிவந்தார். "நோ, மேட்! ஆசிரியர் கன்பூசியஸுக்கு முன்னால் புத்தகத்தை மூடி வைப்பதா? படிக்க வேண்டும்!"

இவர் தொடமாட்டேன் என்கிறார், அவர் மூடவிடமாட்டேன் என்கிறார். இரண்டு மதங்களுக்கு நடுவே நான் முழித்தேன். கடைசியில் டாக்டரே தீர்ப்புச் சொன்னார்: "தொடக்கூடாது எண்டுதான் இருக்கு. பார்க்கக்கூடாது எண்டு இல்லை."

ஆகவே டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பொறுப்பாளர் பக்கம் புரட்டினார். டாக்டர் தலையசைத்தால் அடுத்த பக்கம். முழங்கால் படம் வந்ததும் புரட்டுவது நின்றுவிட்டது.

"மேட், எனக்கு வலிப்பது இந்த இடம்தான்."

டாக்டர் முழங்காலுக்குள் நடப்பதை விளக்க ஆரம்பித்தார். பொறுப்பாளருக்குப் புரியவில்லை. இன்னும் எளிய இங்கிலீஷில் சொன்னார். பின்னால் நின்ற அம்மாள் தன் இடுப்பைக் காட்டினார். இன்னொருவர் இருமிக் காட்டினார். தேநீர்க் கோப்பைகளோடு ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. கன்பூசியஸ் பார்த்துக்கொண்டிருக்க, சாயங்காலம்வரை டாக்டர் வாய் ஓயவில்லை. ஒரு தடவைகூட நாக்கு ஒட்டவில்லை. அது அவருக்கே உறைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு உறைத்தது, வாயைத் திறந்து சொன்னால் கெட்டுவிடுமோ என்று பயந்து, மூச்சுவிடாமல் இருந்தேன்.

சில வாரம் கழித்து நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் போன் வந்தது.

"தம்பி, பாஸ்! அவவை வரச்சொல்லித் தந்தி அடிச்சிட்டன். இனி நாங்கள் ரெண்டுபேரும் இருக்க வேற வீடு பார்க்கோணும்."

சந்தோஷத்தில் கத்தினேன். 'வேறு வீடு' என்பது பிறகுதான் காதில் ஏறியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஃபோர்மன் பதறிப்போய், ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

"இல்லை, பாஸாகிவிட்டார்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதேன்.